இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

விமானம் விழுந்த அன்று முதல் தீயணைப்பு வண்டி போய்ச் சேர நாலு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. பதிவேட்டில் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி என்று இருந்தது. எழுதியவன் நான். வண்டி பாதி வழியில் இருந்தபோதே எழுதிவிட்டேன். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. ஒன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் அதைத்தான் எழுதிவந்தேன். கை தானாகப் போய்விட்டது.

ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்தில் போய்விட வேண்டும் என்பது எங்களுக்கு விதி. மாதம் ஒரு ஒத்திகை. கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து மணி அடிப்பது என் வேலை. அந்த வண்டியை ஓட்டுவது என் மனைவியின் தம்பி.

பதினோரு பேர் இறந்துபோனார்கள். கோபுரத்துக் கேமராவில் நிஜமான நேரம் இருந்தது. நிலைய அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். அன்றைய பதிவு கைப்பிசகு. ஒத்திகைப் பதிவுகள் நூற்றெட்டும் சரி. ஆகவே கோளாறு ஓட்டுநரிடம்.

அவர் அப்படி முடிவு செய்த அன்று சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான்.

"அத்தான், நடுவுல இருக்கிற கேட் பூட்டியிருந்துச்சு. சாவி காவலாளியோட சட்டைப் பையில. சட்டை ஆணியில. அவர் கழிப்பறையில."

"விசாரணையில சொன்னியா?"

"சொன்னேன். நூத்தியெட்டு தடவை திறந்திருந்த கேட் அன்னைக்கு மட்டும் பூட்டிக்கிச்சான்னு கேட்டாங்க. காவலாளி திறந்துதான் இருந்துச்சுங்கறார். என்னை வேலையை விட்டு எடுக்கப் போறாங்களாம்."

"இவனா மெதுவா ஓட்டினான்?" என்றாள் மனைவி. "இவன் வண்டியில ஏறினா நான் இறங்குற வரைக்கும் கண்ணே திறக்கிறதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் குடித்தேன். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்காமல் இருந்தேன்.

ஒத்திகைகளில் கேட் எப்படித் திறந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்து நான் மணி அடித்த முதல் ஒத்திகையில் வண்டி அந்தக் கேட்டில் நின்றது. அதிகாரி எல்லோரையும் வறுத்தெடுத்தார். அதை மறுபடி நடத்தினோம். அப்போது மணி அடிக்குமுன் காவலாளிக்குப் போன் செய்து, "ஒத்திகை, திறந்து வையுங்க" என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விபத்து மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டது.

மறுநாள் காலை விசாரணை அதிகாரி கண்காணிப்பு அறைக்கு வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"மழை நாள்லயும் இதே நேரமா?"

"ஆமாங்க."

"டயர் பஞ்சரான நாள்லயும்?"

அவர் மேசையைச் சுற்றி வந்து, என்னைக் கேட்காமலே மணியை அழுத்தினார். கையிலிருந்த ஸ்டாப்வாட்சையும் அழுத்தினார்.

கீழே பூட்ஸ் சத்தம். மச்சினன் ஓடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் காதில் ரிசீவர் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

"என்ன, ஒத்திகையா?" என்றது காவலாளியின் குரல். "சொல்லுங்க, திறந்துடறேன். போன வாரம் பெரிய பூட்டா மாட்டியிருக்காங்க, கொஞ்சம் நேரமாகும்."

அதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டும் பார்வை இல்லை. காத்திருக்கும் பார்வை.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.

வண்டி கேட்டின் முன்னால் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மச்சினன் ஹாரனை அடித்தான். காவலாளி வெளியே வந்து, உள்ளே போய், மறுபடி வெளியே வந்தார்.

"இத்தனை வருஷமும் போன் பண்ணினது நீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"காவலாளியைத் தவிர யாருக்கும் தெரியாதுங்க. யாரும் கேட்கல."

வண்டி ஓடுபாதை முனையை அடைந்தது. அவர் ஸ்டாப்வாட்சை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஐந்து நிமிடம் பத்து விநாடி. பதிவேட்டையும் என் பக்கமாகத் தள்ளினார். நான் பேனாவை எடுத்தேன். '2' என்று எழுதிவிட்டு, அதை அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.