திறக்க மறுத்த டிபக்கர்

"லிஃப்ட் ஓட்டுற அம்மா தப்பான பட்டனை அழுத்திட்டாங்கன்னு எழுதி முடிச்சிடலாம். ஒரு கையெழுத்துப் போடும்மா," என்று மென்பொருள் கம்பெனி மேனேஜர் அவளிடம் காகிதத்தை நீட்டினார்.

முந்தின நாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று, ஒரு நோயாளி நாற்பது நிமிஷம் உள்ளே தவித்திருந்தார். அந்த லிஃப்ட்டை இயக்கும் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை.

"என்ன நடந்துச்சுன்னு பாக்காம போட மாட்டேன் சார்."

"டிபக்கரே திறக்கலையே, எதை வெச்சுப் பாப்ப? மூணு மணிக்குள்ள எனக்கு இது வேணும்."

நின்றுபோன புரோகிராமுக்குள் எட்டிப் பார்க்க டிபக்கரை விட்டால் வேறு வழியில்லை. அதுவோ தொடங்கியதுமே தனக்கு வேண்டிய ஏதோ ஒரு ஃபங்ஷனை, ஒரு சின்ன நிரல் துண்டை, காணோம் என்று சொல்லி மூடிக்கொண்டது. அவள் நேரே சர்வர் அறைக்குப் போனாள். அங்கே பொறுப்பாளர் அவள் அக்கா கணவர்.

"அத்தான், போன வாரம் எதையாவது மாத்துனீங்களா?"

"வீட்ல உங்கக்கா குடையுறா, இங்க நீயா? ஃபங்ஷன்லாம் தொகுத்து வெச்சிருக்கிற ஒரு லைப்ரரியைப் புதுசாக்கினேன். அஞ்சாறு புரோகிராம் அதைப் பொதுவா பயன்படுத்துது. எல்லாம் ஓடுதே."

"டிபக்கர் ஓடலை. அது தேடுற ஃபங்ஷன் புதுசுல இல்ல."

"பழசைத் திரும்பப் போட்டா மத்ததெல்லாம் படுத்துடும்."

"மத்ததைத் தொடவேணாம். பேக்கப்ல இருந்து பழசை எடுத்துக் குடுங்க. தனி ஃபோல்டர்ல வெச்சு, டிபக்கரை மட்டும் அங்க தேடச் சொல்றேன்."

"மேனேஜர் கேட்டாரா?"

"நான் கேக்குறேன்."

அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

முதல் முறை வேறொரு பிழை வந்தது. அந்தப் பழைய லைப்ரரிக்கு இன்னொரு பழைய லைப்ரரி தேவைப்பட்டது. அதையும் கேட்டு வாங்கிப் போட்டாள். டிபக்கர் திறந்தது. லிஃப்ட் நகரும்போது கதவு மூடியே இருப்பதாக சென்சார் பதில் சொல்லும் முன்பே, புரோகிராம் பொறுமையிழந்து லிஃப்ட்டை நிறுத்தியிருந்தது. அந்தப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தவர் மேனேஜர். மாற்றிய தேதியோடு அவர் பெயரும் பதிவாகியிருந்தது.

மூன்று மணிக்கு அவர் முன்னால் போய் நின்றாள். "தப்பான பட்டனை யாரும் அழுத்தவே இல்ல சார். நேரத்தைக் குறைச்சது நீங்க."

அவர் முகம் இறுகியது. "இதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். அனுப்பிட்டேன்."

லிஃப்ட் ஓட்டும் அம்மாவின் வேலை தப்பியது. அடுத்த வாரமே இவளை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அதை எதிர்த்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, புது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.