நூற்று நாற்பது லிட்டர்

மகள் தன் இஷ்டப்படி பஞ்சர் கடைக்காரனைக் கட்டிக்கொண்டு போன பிறகு, பிக்கப் ஓட்டுநர் அவளோடு பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். “ஃபுல் பண்ணு.” “போதும்.” அவ்வளவுதான். டீசல் டேங்க் சின்னதாக இருந்ததால் அதையாவது பேச வேண்டியிருந்தது.

வாரம் ஒருமுறை அவர் சுரங்க முகாமுக்குக் காய்கறியும் மளிகையும் ஏற்றிப் போவார். போக முந்நூற்று இருபது கிலோமீட்டர், வர அதே அளவு. பாதி வழியில் ஒரே ஒரு பங்க். அங்கேதான் மகளுக்கு வேலை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் மருமகனின் கடை.

மனைவி போய்ச் சேர்ந்தபின் ஒற்றை ஆளாக வளர்த்த பெண். அவர் வண்டி உள்ளே நுழைந்தால் மற்றவர்களை விலக்கிவிட்டு அவளே வந்து குழாயை மாட்டுவாள். டேங்க் நிறையும்வரை இருவரும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் மெதுவாக, “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டாள். அவர் கதவை அறைந்து சாத்தினார். அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த வாரமே மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

“இது எம்பது லிட்டர் டேங்க், அண்ணே. லோடு ஏத்தினா லிட்டருக்கு எட்டுதான் வரும். அடியில கிடக்கிற பத்து லிட்டரைக் கணக்குலயே சேர்க்காதீங்க. மிச்ச எழுபதுக்கு ஐந்நூத்தி அறுபது கிலோமீட்டர். உங்களுக்கு வேணும் அறுநூத்தி நாப்பது.”

“கேன்ல எடுத்துட்டுப் போனா?”

“காய்கறி பக்கத்துல டீசலா? முகாம்ல உங்களைத் துரத்தி அடிப்பாங்க.” மெக்கானிக் சிரித்தார். “பின்னாடி தனியா ஒரு டேங்க் வைக்கலாம், ஆனா சரக்கு வைக்கிற இடம் போயிடும். பழசைக் கழட்டிட்டு அடியிலயே நூத்தி நாப்பது லிட்டர் டேங்க் மாட்டிடலாம். அம்பது கிலோ வெயிட்டு கூடும், அந்த அளவுக்கு லோடைக் குறைச்சுக்குங்க. ஆமா, வழியிலதான் பங்க் இருக்கே?”

“அங்க நிக்கப் பிடிக்கல.”

மெக்கானிக் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

புது டேங்கோடு பங்கை முதல்முறை கடந்தபோது, மகள் வேலையை விட்டுவிட்டு ரோட்டோரம்வரை வந்துவிட்டாள். அடுத்த வாரமும் வந்தாள். பிறகு வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். அவரும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டுதான் போவார். இப்படி ஏழு மாதம்.

அதற்கப்புறம் தொடர்ந்து மூன்று வாரம் அவளைக் காணவில்லை. நாலாவது வாரம், டேங்கில் டீசல் தாராளமாக இருக்கும்போதே, வண்டியைப் பங்குக்குள் திருப்பினார். முன்பின் பார்த்திராத ஒரு பெண் வந்தாள்.

“இங்க வேலை பார்த்த பொண்ணு எங்கம்மா?”

“அந்த அக்காவா?” அவள் குரல் இறங்கியது. “அவங்க தவறிட்டாங்களே. மூணு வாரம் ஆச்சுங்க.”

கொட்டகைவரை எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. மருமகன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“மூணு தடவை போன் பண்ணேன், மாமா.”

பண்ணியிருந்தான். அந்த நம்பரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தது அவர்தான்.

“காலையில திடீர்னு வயித்து வலி. துடிச்சுட்டா. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா ரெண்டரை மணி நேரமாகும்னாங்க. ‘இன்னைக்கு அப்பா வர்ற நாள், அவரை நிறுத்து’ன்னு சொன்னா. ரோட்டுல நின்னு கையைக் காட்டினேன். நீங்க பாக்கல போல. வேற வண்டி எதுவும் வரல. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள…”

அவர் எழுந்து வண்டிக்கு நடந்தார்.

காய்கறி வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. அவர் சாவியை வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார். மருமகன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

நாற்பது கிலோமீட்டர் போனபின் அவர் சொன்னார்: “அன்னைக்கு உன்னைப் பாத்தேன்.”

“தெரியும் மாமா. என்னைப் பாத்ததும் வண்டி வேகம் எடுத்துச்சு.”

“தெரிஞ்சுமாடா எனக்கு ஸ்டூல் போட்ட?”

அவன் கியரை மாற்றினான். “அவளோட அப்பா நீங்க” என்றான். “வேற என்ன பண்றது?”

அவர் உடம்பெல்லாம் குலுங்க, குழந்தை மாதிரி அழுதார். மருமகன் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் மடியில் வைத்துவிட்டு, தானும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகாமுக்கு இன்னும் நூற்று இருபது கிலோமீட்டர் இருந்தது.