மூடி போட்ட குடங்கள்

அக்கா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம். நான் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறேன். சட்டை வாங்குகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வரப்போகிறார்கள், சாப்பாட்டு ஹாலில் பளிச்சென்று ஒரு படம் வேண்டும் என்று முதலாளி ஆள் தேடியபோது அக்காவைப் பற்றி நான்தான் சொன்னேன்.

அப்போதுதான் நான் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தேன். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டரம்மா. "தண்ணியே குடிக்க மாட்டியா?" என்று திட்டினார். எப்படிக் குடிப்பது? கம்பெனியில் எங்கள் பாத்ரூமுக்குப் பூட்டு உண்டு. சாவி சூப்பர்வைசரிடம். எந்நேரமும் கழுத்தில் விசிலோடு திரிவதால் அவருக்கு 'விசில்' என்றே பெயர். காலையில் ஒரு தடவை திறப்பார், சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை. நடுவில் போய் நின்றால், "இப்பத்தானே போன?" என்பார், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. அதற்குப் பயந்தே பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை. வீட்டில் சொல்லவும் கூச்சம். இந்தத் தடவைதான் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க முதலாளிக்கு என்ன மாதிரி படம் வேணுமாம்?" என்றாள்.

"செழிப்பா, பார்த்தா மனசு நிறையணுமாம்."

"நிறைச்சிடலாம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

நீளச் சுவர் முழுக்கக் குடங்கள் வரைந்தாள். மிஷின் முன்னால் நாங்கள் உட்கார்ந்திருப்பது போலவே வரிசையாக. எல்லாம் வயிறு உப்பிய குடங்கள். வாயில் மூடி, மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கயிறு, இடுக்கில் துளித்துளியாக நீர். மேலே மதிலில் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சேவல். அதன் அலகில் பெரிய சாவி.

பட்டன் தைக்கிற பெரியம்மா அதை முதலில் பார்த்து, வாயில் இருந்த சோறு சிதறச் சிரித்தாள். "அடியே, அந்த மூணாவது குடம் நான்தான்டி! இப்பவோ அப்பவோன்னு நிக்குது பாரு." சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு குடத்தைச் சொந்தம் கொண்டாடிவிட்டோம்.

முதலாளி வந்து பார்த்தார். "குடமெல்லாம் நிறைஞ்சிருக்கு. நல்லாயிருக்கும்மா. சேவல் எதுக்கு?"

"நேரம் தவறாது இல்லீங்களா சார்" என்றாள் அக்கா, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

"சாவி?"

"பொறுப்பு சார்."

பக்கத்தில் நின்ற விசிலுக்குப் பெருமை தாங்கவில்லை. "கொண்டையை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடும்மா" என்றார். அக்கா பெருசாகவே போட்டாள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் தலை நரைத்த ஒரு அம்மாள் இருந்தார். பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு சின்னப் பெண் கூடவே வந்தாள். அம்மாள் படத்தின் முன் நின்றவர் நகரவே இல்லை. "இது செழிப்பைக் காட்டுது" என்றார் முதலாளி. அம்மாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் சின்னப் பெண்.

எல்லோரும் தட்டைப் பார்த்தோம். பெரியம்மாதான் எழுந்தாள்.

"அது நாங்கதாம்மா. காலையில இருந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

சின்னப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மாற்றிச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், ஹாலே கொல்லென்று சிரித்தது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டு, பெரியம்மா கை காட்டிய பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கதவில் பூட்டு தொங்கியது. விசில் சட்டைப்பையைத் தடவினார், கால்சட்டைப்பையைத் தடவினார். பதற்றத்தில் சாவி கைக்கு வருவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

"இப்படிப் பூட்டுறது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார் முதலாளி. தெரியுமோ தெரியாதோ, பூட்டு அன்றைக்கே போய்விட்டது. மறுபடி வந்து பார்ப்போம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனதும் ஒரு காரணம்.

அவர்கள் போன கையோடு சுவரை வெள்ளையாக்கச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அலட்டிக்கொள்ளாமல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். விசில் மெல்லப் பக்கத்தில் வந்து, "முதல்ல அந்தச் சேவலை அழிச்சிடும்மா" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

பாதிச் சுவர் வெள்ளையான நேரம், அயர்ன் பண்ணுகிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "அக்கா, எங்க ரூம்லயும் ஒரு சுவர் சும்மாதான் கிடக்கு. ஃபேன் ஓடியே ரொம்ப நாளாச்சு, வெந்து போறோம்."

"அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு" என்றாள் அக்கா பிரஷை உதறியபடி.

வாசலில் நின்றிருந்த முதலாளி, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.