அக்கத்துக்கு நிதி வரவில்லை

மத்திய அரசின் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தில் அந்த வருடம் பக்கத்துக்கு மட்டும்தான் நிதி வந்திருந்தது. அக்கத்துக்கு வரவில்லை. மாநகராட்சி வரைபடத்தின்படி, வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் வலக்கைப் புறத்து வீடு பக்கம், இடக்கைப் புறத்து வீடு அக்கம்.

கல்குவாரிக்குப் பின்னால் ஏழைகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று தனபாக்கியத்துக்குக் கிடைத்திருந்தது. கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவள். வாய்க்கால் கரையில் குடியிருந்தபோது அவள் இருமினால் நாலு குடிசையிலிருந்து என்ன ஏது என்று கேட்பார்கள். கரையைக் காலி செய்தபோது குலுக்கல் போட்டு ஆளுக்கொரு மூலையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இப்போது ஊரே சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிவிட்டு வந்து, தனக்கென்று ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள். பேச்சுத் துணைக்கு மின்விசிறி இருந்தது. அதுவும் வேகமாக வைத்தால்தான் பேசும்.

பக்கம் தவணை தவணையாக வந்தது. முதல் தவணையில் ஓர் இருமல். அடுத்ததில் கருவாட்டு வாசனை. அப்புறம் குரல். கடைசித் தவணையில் ஆளே வந்து கொடியில் சேலை காயப்போட்டாள். லூர்துமேரி என்று கதவில் எழுதியிருந்தது. தனபாக்கியத்துக்குச் சந்தோஷத்தில் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆனால் எத்தனை முறை கூப்பிட்டும் லூர்துமேரி திரும்பவில்லை. சேலையை உதறிவிட்டு, தன் வலக்கைப் புறத்து வீட்டைப் பார்த்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் உதவிப் பொறியாளர் தினகரன் வீடு வீடாக வந்தார். மார்ச் முடிவதற்குள் பக்கத்தைப் பயன்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் ஆள் டெல்லிக்குத் திரும்பிவிடும் என்றார். ஒரு டம்ளர் சீனி வாங்கினாலும் போதும். தனபாக்கியம் அவரை மறித்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று முறையிட்டாள்.

"எப்படிம்மா திரும்புவாங்க? உங்களுக்கு அவங்க பக்கம். அவங்களுக்கு நீங்க அக்கம். அக்கத்துக்குத்தான் ஃபண்டு வரலையே."

கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமா என்றும் விசாரித்தாள். அது திருட்டு என்ற தலைப்பில் போய்விடும், அந்தத் தலைப்புக்கு மத்திய அரசு பணம் தருவதில்லை என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம்தான் தனபாக்கியம் முதன்முறையாக இடக்கைப் புறம் திரும்பிப் பார்த்தாள். ஒரு பூட்டிய கதவு. ஆனால் கணக்குப்படி அங்கேயும் யாரோ தன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து போயிருக்க வேண்டும். இத்தனை நாள் திரும்பாமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளரில் சீனியை நிரப்பி அந்தப் புறத்துச் சுவர்மேல் வைத்து, எடுத்துக்கொள்ளும்படி பூட்டிடம் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் டம்ளர் கழுவி வைத்திருந்தது. உள்ளே ஒரு கொத்து கறிவேப்பிலை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று தெரிந்த ஆள். தனபாக்கியம் கொஞ்ச நேரம் அழுதாள்.

பொறியாளர் எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தார். தன் இடக்கைப் புறத்திலும் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று யோசிக்க லூர்துமேரிக்கும் நாள் பிடித்தது. மார்ச் கடைசி நாள் மத்தியானம் அவள் சுவரோரம் வந்தாள். தனபாக்கியத்தின் காதுக்குச் சற்றுத் தள்ளி, காலியிடத்தைப் பார்த்து நின்றாள்.

"யாருன்னு தெரியல. சீனி வச்சிருக்கேன். எடுத்துக்கங்கக்கா."

அக்கத்தில் இருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? தனபாக்கியம் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள். கணக்கு முடிக்க வந்திருந்த தினகரன் போட்டோ எடுத்துக்கொண்டார். மண்டபத்தில் கொடுத்த லட்டு ஒன்றைப் போட்டு டம்ளரைத் திருப்பி வைத்தாள்.

பயன்பாடு திருப்திகரமாக இருந்ததால், பக்கம் வேலை முடிந்தது என்று எழுதி டெல்லி அந்த நிதியை நிறுத்திவிட்டது. புது வருட நிதி முழுவதும் அக்கத்துக்கு. லூர்துமேரி வந்த வழியே போனாள். முதலில் ஆள், பிறகு குரல், பிறகு கருவாட்டு வாசனை. இருமல் மட்டும் சில நாள் தங்கியிருந்தது.

இடக்கைப் புறத்துப் பூட்டு திறந்தது. முண்டா பனியன் போட்ட ஒரு பெரியவர் வாசலில் நின்றார். கையில், தனபாக்கியம் முந்தின நாள் மறுபடியும் சீனி வைத்திருந்த டம்ளர். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் இடக்கைப் புறத்து வீட்டைப் பார்த்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தனபாக்கியம் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. இன்னொரு டம்ளரில் சீனியை நிரப்பி, வலக்கைப் புறத்துச் சுவர்மேல் வைத்தாள். சாயங்காலம் அதில் ஒரு துண்டு கருவாடு இருந்தது. அதை வறுத்துச் சாப்பிட்டாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து ஒரு தடவை இருமினாள்.