ஃபெஸ்டஸுக்கு வெட்டிய குழி

அன்று மழை பெய்ததா, வெறும் காற்றுதானா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் இரண்டு மண்வெட்டிகளும் ஒரு விஸ்கி புட்டியும் காலையிலிருந்து யாரும் தொடாமல் கிடந்தன என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

வைத்தவள் டிலியா. முந்தின நாள் அவள் தம்பி ஃபெஸ்டஸ் இறந்துபோயிருந்தான். அந்த ஊரில் செத்தவரின் வீட்டார் குழி வெட்டக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் வெட்ட வேண்டும். யாரையும் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. மண்வெட்டியை வைத்துவிட்டால் தாமாக வந்துவிடுவார்கள்.

டிலியாவுக்காக வருவார்களா? நான்கு வருடங்களுக்கு முன் மலாக்கியின் மகன் கோல்ம் குடித்துவிட்டுக் காரோட்டித் தபால்காரரைக் கொன்றான். மதுக்கடை வாசலில் நின்ற ஒன்பது பேரும் எதையும் பார்க்கவில்லை என்று போலீசிடம் சொன்னார்கள். டிலியா மட்டும் பார்த்ததைச் சொன்னாள். கோல்ம் சிறைக்குப் போனான். அதற்குப் பிறகு அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தேவாலயத்தில் அவள் இருக்கும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. ஃபெஸ்டஸோடு மட்டும் பேசினார்கள், மழையைப் பற்றி, மாடுகளைப் பற்றி. அவன் வீட்டுக்கு வந்து அதையெல்லாம் அப்படியே அவளிடம் சொல்லுவான்.

நண்பகல் தாண்டியது. மறுநாள் காலை அடக்கம். யாரும் வரவில்லை. டிலியா தானே மண்வெட்டியை எடுத்துப் புல்லில் ஊன்றினாள்.

"அத வையி டிலியா. ஒன்னப் பத்திப் பேச ஊருக்கு ஏற்கெனவே நெறைய இருக்கு."

மலாக்கி. கோட்டைக் கழற்றிப் பக்கத்துச் சிலுவையில் மாட்டிவிட்டு வெட்ட ஆரம்பித்தான். அதற்காகவே காத்திருந்தவர்கள்போல் இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

"ஃபெஸ்டஸ் அவன் வாழ்நாள்ல இவ்வளவு ஆழம் தோண்டினதில்ல," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். டிலியாவும் சிரித்தாள். உடனே மற்றவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

குழி முடிந்து புட்டி கைமாறும்போது அவள் நன்றி சொல்லக் கிட்டே போனாள்.

"இது ஃபெஸ்டஸுக்கு," என்றான் மலாக்கி, மண்வெட்டியைப் புல்லில் துடைத்தபடி. "ஒன்னோட முறை வரும்போது டவுன்லேர்ந்து ஆள் வரச்சொல்லிடு."

அவள் குழியின் விளிம்புவரை போய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தபால்காரருக்கும் நீதான வெட்டின, மலாக்கி?"

"நான்தான்," என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டான்.

மலாக்கி இரண்டு வருடத்தில் இறந்தான். அவனுக்கு வெட்டப் பதினோரு பேர் வந்தார்கள். கோல்ம் விடுதலையாகி மான்செஸ்டருக்குப் போய்க் கூரை வேலை செய்கிறான். டிலியா எண்பத்திரண்டு வயதுவரை அதே வீட்டில் இருந்தாள். அவளுக்கு டவுனிலிருந்து இயந்திரம் வந்து இருபது நிமிடத்தில் வெட்டிவிட்டுப் போனது.