மூஞ்சியை மட்டும் கொண்டு வாங்க

போன மாதம் பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு வேலை கேட்டுப் போன கலாராணிக்கு நடந்தது பரம எதிரிக்கும் நடக்கக்கூடாது. இருபது வயதுப் பெண்கள் நான்கு பேருக்கு நடுவில் அவளை உட்கார வைத்தார்கள். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஒங்க மக யாரு?" என்று கேட்டுவிட்டார். கலாராணிக்கு வயது நாற்பத்தொன்று. மகளும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பறித்து அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. மழையும் அட்டைக்கடியும் போதும், இனிக் கூரைக்குக் கீழே நின்று சேலை மடிக்க வேண்டும். இந்த ஒரே ஆசையைக் கெடுத்தது தன் முகமில்லை, பக்கத்தில் இருந்த முகங்கள்தான் என்று அவள் முடிவு கட்டினாள்.

ஆகவே ஹாஷிம் முதலாளியின் துணிக்கடையில் 'இளம் பெண்கள் தேவை' என்று பலகை தொங்கியதும், தோட்டத்து லயன் வீடுகளில் தேடி இரண்டு முகங்களைப் பொறுக்கினாள். ஒன்று இராக்கம்மா. அறுபதை எட்டிப் பார்க்கும் வயது, முன்பல் இரண்டு இல்லை. மற்றது அதே வயதுக்காரி விஜயலெட்சுமி. அவளுக்குப் பல் எல்லாம் உண்டு, அத்தனையும் வெற்றிலைச் சிவப்பு.

"எங்களுக்கு எதுக்குடி கடை வேல?" என்றாள் இராக்கம்மா.

"வேல எனக்குக்கா. நீங்க வாயத் தெறக்க வேணாம். என் ரெண்டு பக்கமும் சும்மா ஒக்காருங்க. மூஞ்சிய மட்டும் கொண்டு வாங்க, ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கித் தாரேன்."

கடையில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்த கலாராணிக்கே, யார் இந்தக் குமரி என்று சந்தேகம் வந்துவிட்டது. ஹாஷிம் முதலாளி மூவரையும் பார்த்தார்.

"நடுவுல ஈக்கிற புள்ள வரட்டும்."

கலாராணிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பாவம், அழுது முடிக்கக்கூட விடவில்லை.

காசு மேசையில் முதலாளியின் மனைவி ஸித்தி ஸுபைதா இருந்தாள். ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனால் இரு பக்கமும் பிஞ்சு பிஞ்சாக இரண்டு விற்பனைப் பெண்கள் நின்றார்கள். காசு கொடுக்க வந்த ஒருத்தி அவர்களைப் பார்த்துச் சிரித்து, "பேத்திமாரா? ஒங்க சாடையாவே இருக்காங்க" என்றாள்.

ஸுபைதா மிச்சக் காசைப் பொத்தென்று வைத்தாள். எழுந்து வந்து, இராக்கம்மாவையும் விஜயலெட்சுமியையும் கையைப் பிடித்து இழுத்துப்போய், மேசைக்கு ஆளுக்கொரு பக்கம் நிறுத்தினாள். நடுவில் நின்று கண்ணாடியைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். கல்யாணப் பெண்ணாட்டம் ஒரு சிரிப்பு வந்தது.

"நாளைக்கே ரெண்டு பேரும் வேலைக்கு வாங்க."

"இளம் பெண்கள்னு போட்டு ஈக்கே..." என்று இழுத்தார் முதலாளி.

"அந்தப் பலகையக் கழட்டுங்க! இனி இங்க இளம் புள்ள ஒருத்தியும் வேணாம்!"

கலாராணி வெட்கத்தை உதறிவிட்டு அவளிடம் ஓடினாள்.

"அம்மா, எனக்கும் நாப்பத்தொண்ணு ஆயிருச்சும்மா! சத்தியமா!"

"வேலைக்காக வயசக் கூட்டிச் சொல்லாத மகள். ஒனக்கு இன்னம் காலம் ஈக்கி" என்று ஸுபைதா அவள் கன்னத்தைத் தட்டினாள்.

கலாராணி விஜயலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க."

விஜயலெட்சுமி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஸுபைதாவைப் பார்த்தாள்.

"இவ நேத்துப் பொறந்த புள்ளங்கம்மா."