புரியவில்லை என்று ஒரு பட்டன்

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டி, "நீங்களே பாருங்கம்மா, உங்க வீட்டுக்காரர் கைப்பட அழுத்தியிருக்காரு" என்றார் தொழிற்சாலையிலிருந்து வந்த அதிகாரி. திரையில் 'எனக்குப் புரிந்தது' என்று ஒரு பச்சைப் பட்டன். அந்தப் பச்சை தேவயானி கலந்த பச்சை. அந்த வளைந்த ஓரமும், விரல் பட்டதும் அமுங்கி எழுவதுபோல் அடியில் விழும் நிழலும், இதே வீட்டில் சன்னலோரம் உட்கார்ந்து அவள் செய்தவை.

மோகன்குமார் கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தான். ஒரகடம் பக்கம் தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் வேலை. போன வாரம் அந்த மெஷின் அவன் விரல்கள் இரண்டை எடுத்துக்கொண்டது.

ஆன்லைன் பாடங்கள் தயாரிக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மானாம்பதியிலிருந்தே வேலை செய்பவள் தேவயானி. பட்டன் வரைகிறேன் என்றால், சட்டைக்கா என்று ஊரில் சிரிப்பார்கள். எந்தத் தொழிற்சாலைக்கு எந்தப் பாடம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. மெஷின் பாதுகாப்புப் பாடம் என்று வந்தது, செய்தாள். முதலில் அவள் வரைந்தது இரண்டு பட்டன்கள். பச்சைக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், ஆரஞ்சு நிறத்தில் 'எனக்குப் புரியவில்லை'. அதைத் தொட்டால் வீடியோ மறுபடி மெதுவாக ஓடும். அப்புறமும் தொட்டால், ஆள் வந்து சொல்லிக் கொடுக்கும்படி சூப்பர்வைசருக்குத் தகவல் போகும். மெனக்கெட்டுச் செய்திருந்தாள். டீம் லீடர் கீர்த்தி பார்த்துவிட்டு, "அழகா இருக்கு தேவயானி. ஆனா கிளையண்ட் அந்த ரெண்டாவதை எடுக்கச் சொல்றாங்க. ஒவ்வொருத்தரும் அதை அழுத்தினா ஷிஃப்ட் லேட்டாகுமாம்" என்றாள். தேவயானி வாதாடிப் பார்த்தாள். கடைசியில் எடுத்துவிட்டாள்.

"புரியாம ஏங்க அழுத்தனீங்க?" என்று அதிகாரி மோகன்குமாரைக் கேட்டார்.

"அதுல அமுக்க வேற இன்னா சார் கீது?" என்றான் அவன். "அத்த அமுக்கினாதான் உள்ள வுடுவாங்க."

அவர் திரையில் அடுத்த பக்கத்தைத் திறந்தார். பயிற்சி முழுமையாக அளிக்கப்பட்டது, கவனக்குறைவு என்னுடையதே என்று நாலு வரி. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்'. அதே பச்சை, அதே நிழல். அவளுடைய பட்டனை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள்.

"இடது கையால அழுத்தினாப் போதும்" என்றார் அதிகாரி.

"ஒத்துக்கமாட்டேன்னு ஒண்ணு எங்க சார்?" என்று தேவயானி கேட்டாள்.

"அப்படி ஒண்ணு கிடையாதும்மா."

"ஏன் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். இந்தப் பட்டனை வரைஞ்சது நான்தான். ரெண்டு வரைஞ்சேன். ஒண்ணத் தூக்கச் சொன்னது உங்க ஆளுங்க. அந்த ஃபைல் என் லேப்டாப்ல கீது. எங்க வேணாலும் கொண்டாந்து காட்டுவேன்."

அதிகாரி அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் போனில் எதையோ தட்டினார். அவரிடம் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் கீர்த்தி போனில் கூப்பிட்டாள். வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். தேவயானி பின்வாசலுக்குப் போனாள்.

"தேவயானி, அந்தப் பழைய ஃபைலை டெலீட் பண்ணிடு. கிளையண்ட் பேசினாங்க. எனக்கும் மேல இருந்து பிரஷர்."

"என் வூட்டுக்காரருக்கு விரல் போயிருக்கு கீர்த்தி."

"தெரியும்பா. கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வேலையும் போயிடும், பாத்துக்கோ."

"போவட்டும். அழிக்கமாட்டேன்." போனை வைத்தாள். அப்போதுதான் உறைத்தது. அவள் உள்ளே இல்லை. அந்த ஆள் உள்ளே இருக்கிறான்.

ஓடிவந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. மோகன்குமார் தலை நிமிரவில்லை.

"அமுக்கிட்டேன்" என்றான். "இத்த அமுக்கலன்னா திரும்ப வேலைக்கே சேக்கமாட்டோம்னாரு. பேஜாரு வேணாம்னு..."

அவனை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் நோகும் கையை மடியில் தாங்கியபடியே இருந்தான். அந்தக் கோபத்தை அவன்மேல் இறக்க முடியாமல் செருப்புகூடப் போடாமல் தெருவுக்குப் பாய்ந்தாள்.

தெருவெல்லாம் நெல் காயப்போட்டிருந்தார்கள். அதிகாரியின் கார் ஓரமாக ஊர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. தேவயானி நேரே போய் அதன் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் பானெட்டின்மேல் ஊன்றினாள். தகடு சுட்டது.

அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "வழி விடுங்கம்மா."

"அத்த அழிச்சிட்டுப் போங்க."

"அழிக்க முடியாது. அதுல அதுக்கு ஆப்ஷன் இல்ல."

"அப்ப நீங்களும் போவ முடியாது."

டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். நெல்லில் மேய்ந்துகொண்டிருந்த குருவிகள் மொத்தமாக எழும்பின. எதிர்வீட்டுப் பவளம், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவள், நின்று தேவயானியின் முகத்தைப் பார்த்தாள். சுவரில் சாத்தியிருந்த நெல் தள்ளும் பலகையை எடுத்துவந்து, காரின் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி நெல்லைக் கூட்டிக் குவிக்க ஆரம்பித்தாள்.